பதினொரு பேர் மறுத்த துளி

தேன்கூட்டு அறையில் பேசக் கூடாது என்பது டாக்டரம்மாவின் முதல் விதி. இரண்டாவது விதி என்று ஒன்று கிடையாது. முதலாவதை ஒழுங்காகக் காப்பாற்றினால் போதும் என்பார். அவர் வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்லர். தேனீக்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றவர். கூட்டின் இரு பக்கமும் கண்ணாடி. மெழுகு அடையின் நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஓர் ஒலிவாங்கி. ஒரு தேனீயின் நடுக்கம்கூட அடுத்த அறையில் சுழலும் ஒலிநாடாவில் பதிந்துவிடும்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் எங்கேனும் மெழுகு உருகும் மணம் வந்தால், பகலிலும் சிவப்பு விளக்கு எரிந்த அந்தச் சிறிய அறை நினைவுக்கு வருகிறது. இரண்டு முக்காலிகள். ஒன்றில் நான், மற்றொன்றில் என் நாத்தனார்.

அவள் என் கணவரின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். நடையின் வேகத்தால் எல்லோருக்கும் அவள் சிட்டு. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவளே.

தோட்டத்தில் இரண்டு கிண்ணங்கள் வைத்திருந்தோம். ஒன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு. மற்றதில் நீர்த்த பாகு. முதற்கிண்ணத்திற்கு வரும் தேனீயின் முதுகில் மஞ்சள் பொட்டு வைப்போம். அடுத்ததற்கு வருவதற்கு வெள்ளைப் பொட்டு. வயிற்றில் பாகைச் சுமந்து கூட்டுக்குள் வந்தவள் தாடையை விரித்து ஒரு துளியைக் காட்டுவாள். வாங்குகிறவள் நாக்கை நீட்டி உறிஞ்சுவாள். அவ்வளவு நேரமும் இருவருடைய உணர்கொம்புகளும் ஒன்றையொன்று தடவிக்கொண்டே இருக்கும். எந்த மணம், எவ்வளவு இனிப்பு என்ற செய்தி அந்தத் துளியோடு கைமாறும். வாங்குகிறவள் காட்டும் அவசரம்தான் கொண்டுவந்தவளுக்குப் பதில். உடனே வாங்கிக்கொண்டால் அவள் மறுபடியும் பறப்பாள். வாங்க ஆளில்லாவிட்டால் அலைவாள். பிறகு போவதையே நிறுத்திவிடுவாள்.

வந்தவளிடமிருந்து எத்தனை நொடியில் துளி வாங்கப்பட்டது என்று குறிப்பதே எங்கள் வேலை. சிட்டு கூட்டைப் பார்ப்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். பேச முடியாது என்பதால் அவள் என் மணிக்கட்டில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு, வந்துவிட்டாள். இரண்டு தட்டு, வாய் சேர்ந்தது. மூன்று தட்டு, பிரிந்தது.

அந்த மாதம் விரலுக்குப் பதிலாகப் பென்சிலின் முனை தட்டியது. காரணம் நான். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த நாளில் சிட்டு வைத்த சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பைக் கொட்டி வச்சிருக்கா. இதை யாரு வாயில வைக்கிறது?" என்று அத்தனை பேர் எதிரிலும் கிண்ணத்தை நகர்த்திவிட்டேன். அன்றிலிருந்து அவள் எனக்கென்று எதையும் சமைக்கவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை. அறையில் பேசக் கூடாது, வீட்டில் பேசுவதில்லை. இருபத்தாறு நாள்கள் அப்படியே சென்றன.

இருபத்தேழாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, தட்டச்சு செய்யும் பெண் என்னிடம் வந்து, "உங்க நாத்தனாரு வடக்கே இருக்கிற நிலையத்துக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கு டாக்டரம்மா கையெழுத்துப் போடுறாங்க. உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். எனக்குத் தெரியாது. அவள் போவதில் எனக்குச் சம்மதமும் இல்லை. ஆனால் 'போகாதே' என்று சொல்ல வேண்டியவள் நான். அந்தச் சொல் எனக்குப் பழக்கமில்லை.

அந்த மனத்தோடு முக்காலியில் அமர்ந்தேன். வெள்ளைப் பொட்டுக்காரி ஒருத்தி வந்தாள். பென்சில் ஒரு முறை தட்டியது. அவள் துளியை நீட்டினாள். எதிரே வந்தவள் முகர்ந்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தவளும் அப்படியே. மூன்றாமவள் முதுகைக் காட்டினாள். எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொரு பேர். அவளோ துளியை விடாமல் ஏந்திக்கொண்டு பன்னிரண்டாமவளைத் தேடிப் போனாள்.

"அட, யாராவது வாங்கிக்குங்களேன்டி!"

என் குரல்தான். சிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், பயனில்லை. அடக்கப் பார்த்த சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் முக்காலிகள் ஆடின.

டாக்டரம்மா எங்களை எதிரில் நிறுத்தி நாடாவை ஓடவிட்டார். சிறிது நேரம் ரீங்காரம். பிறகு என் அதட்டல்.

"பதினஞ்சு வருஷமா தேனீ என்ன பேசுதுன்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நம்ம பாஷையிலயே பேசும்னு யாரும் சொல்லலையே! எந்தத் தேனீம்மா இது?"

"நான்தான், டாக்டரம்மா" என்றாள் சிட்டு.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? ஊரை விட்டுப் போறவ, பழியையும் பெட்டியில போட்டுக்கிட்டுப் போறியா?"

"நான்தான் பேசினேன்" என்றேன்.

"நடுவுல ஒரு நாள் கெட்டாலும் கணக்கு செல்லாது. அப்போ மூணு வாரத்து வேலையை முதல்லேருந்து செய்யணும். இவ போனா இன்னொரு ஆளைப் பழக்கணும். கையெழுத்துப் போடவா, வேண்டாமா? ரெண்டு பேரும் நடைவழியில நின்னு முடிவு பண்ணிட்டு வாங்க. அங்க பேசலாம், தடையில்லை."

நடைவழியில் சிட்டு சன்னலைப் பார்த்து நின்றாள்.

"நீ போக வேண்டாம்" என்றேன்.

"ஏன், கணக்கெடுக்க ஆள் வேணுமா?"

"எனக்கு வேணும்."

அவள் திரும்பவில்லை. இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கு உப்பு கூடலை" என்றேன்.

"தெரியும். நானும் அதைத்தானே குடிச்சேன்."

"வந்தவங்க எல்லாரும் உன் கையைத்தான் புகழ்ந்தாங்க. உன் அண்ணனும் கூடச் சேர்ந்துக்கிட்டாரு. எனக்குப் பொறுக்கலை."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, உங்க கிண்ணத்துக்கு மட்டும் நிஜமாவே ரெண்டு பிடி உப்பு அள்ளிப் போட்டிருப்பேன், அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது மாற்றல் கேட்டு எழுதிய கடிதம் அவள் கையில் இருந்தது.

"கிழிக்கலையா?"

"எதுக்கு? மறுபடியும் வாயை விட்டீங்கன்னா தேதியை மட்டும் மாத்தினாப் போதுமே."

அதன்பின் அவள் எங்களோடு இருந்த ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கடிதம் நான்கு முறை அலமாரியிலிருந்து வெளியே வந்தது. நான்கு முறையும் தவறு என்னுடையது என்பாள். மூன்று முறை என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.