குழுவில் கேட்காத குரல்

நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை ரயிலில் ஹேமநாத் தலை நிமிர்வதே இல்லை. புத்தூரில் கூட்டம் ஏறும், இடிக்கும், சண்டை போடும். அவன் கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரேணிகுண்டா வருவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றைய மீமைப் போட்டாக வேண்டும்.

கல்லூரியின் முதல் நாள், எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொண்டான். வீட்டிலும் பள்ளியிலும் தமிழ். அவன் தெலுங்கில் ஒரு தமிழ் இழுவை இருந்தது. கடைசி வரிசை சிரித்தது. அன்று மூடிய வாயை வகுப்பில் அவன் திறக்கவில்லை. ஆனால் ஆங்கில எழுத்தில் தெலுங்கைத் தட்டினால் இழுவை யாருக்குத் தெரியும்? மூன்றே மாதத்தில் குழுவின் ராஜா ஆனான். வகுப்புப் பிரதிநிதிக்கு வாக்கெடுப்பு வைத்தபோது அறுபது பேரில் நாற்பத்தொரு பேர் அவன் பெயரைத் தொட்டார்கள். அதுவும் குழுவில்தான்.

அந்த வாரம் வேதியியல் செய்முறை வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காலை. மறுபாதிக்கு மாலை நாலு முதல் ஆறு. ஐந்தரை மணி ரயிலில் ஊர் திரும்பும் பதினோரு பேரும் மாலையில் மாட்டிக்கொண்டார்கள். ஹேமநாத் துறைத் தலைவருக்கு ஒரு செய்தி அனுப்பினான். பதில் இல்லை. மறுநாளும் அனுப்பினான். குழுவில் யாராவது கேட்டால் கும்பிடு போடும் ஸ்டிக்கரை வைத்தான். நான்கு நாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை புத்தூரில் ஏறி எதிரே உட்கார்ந்த பெண் அவன் திரையை எட்டிப் பார்த்தாள்.

“நீதானா அந்த ஹேமநாத்து?”

அவன் விழித்தான்.

“நான் அக்ஷயா. உன் கிளாஸுதான். மூணு மாசமா எதுருல குந்திக்கினு வர்றேன். உனக்கு ஓட்டு வேற போட்டேன், தண்டத்துக்கு.”

“மேடத்துக்கு மெசேஜ் போட்டுக்கினுதான் இருக்கேன்...”

“மெசேஜா? மேடம் ரூம் நம்ம கிளாஸுக்கு நேர் மேலதான கீது! நேத்து பஸ்சுல போய் எறங்கும்போது மணி எட்டு. எங்க நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தப் படிப்பு வாணாம், திங்கக்கிழமையில இருந்து வூட்லயே இருன்னுட்டாரு. நீ ஸ்டிக்கர் வெச்சிக்கினு இரு.”

அவனுக்கு முகம் சுட்டது. கல்லூரிக்குள் நுழைந்ததும் நேராகத் துறைத் தலைவர் அறைக்கு மாடிப்படி ஏறினான்.

“நுவ்வு எவரப்பா?” என்றார் துறைத் தலைவர். வகுப்புப் பிரதிநிதியை அவருக்கு யாரென்றே தெரியவில்லை. ஹேமநாத் தன் இழுவைத் தெலுங்கிலேயே எல்லாம் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. தெரியாத எண்களிலிருந்து வருவதைத் தாம் திறப்பதில்லை என்றும், யாரும் வந்து சொல்லாததால் யாருக்கும் சிரமமில்லை என்று நினைத்ததாகவும் சொன்னார். காலைப் பிரிவிலிருக்கும் விடுதி மாணவர் பதினோரு பேர் மாறச் சம்மதித்தால் போதும். மூன்று மணிக்குள் கையெழுத்து வேண்டும்.

படி இறங்கும்போதே குழுவில் வாக்கெடுப்பு தட்டத் தொடங்கியவன், பாதியில் நின்றான். தொட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அக்ஷயாவின் முகம் தெரியாது. அவனுக்கே அன்று காலைவரை தெரியாது. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரும்பலகை முன் போய் நின்றான்.

“மீம் பாய் நோரு தெரிச்சாடுரா!” என்று கத்தினான் கடைசி வரிசை ஸ்ரீஹரி, விடுதிக்காரன். வாயைத் திறந்துவிட்டானாம். வகுப்பே சிரித்தது, முதல் நாள் கேட்ட அதே சிரிப்பு. ஹேமநாத் அது அடங்கும்வரை நின்றான்.

“சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இப்போ கையெழுத்து வேணும்” என்று அதே இழுவையில் தெலுங்கில் சொன்னான். காரணத்தையும் சொன்னான். அக்ஷயா எழுந்து, அப்பா சொன்னதைத் தன் வாயாலேயே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. முதலில் எழுந்து வந்து பேனாவை வாங்கியவன் ஸ்ரீஹரிதான். இரண்டே முக்காலுக்குப் பதினோரு கையெழுத்தும் விழுந்துவிட்டன.

திங்கட்கிழமை புத்தூரில் அக்ஷயா ஏறினாள்.

“இன்னா ராஜா, இன்னிக்கி மீம் இல்லியா?”

“சாயந்திரம் போடுவேன்” என்றான் ஹேமநாத். போன் பைக்குள் இருந்தது. “ஆனா ஒண்ணு தெரிஞ்சிபோச்சு அக்ஷயா. போன்ல அறுபது பேரைச் சிரிக்க வெச்சிடலாம். ஒருத்தர் கஷ்டம் தீரணும்னா எழுந்து போய் வாயைத் தொறக்கணும். நாலு பேர் சிரிப்பாங்கன்னு நான் பயந்ததுக்கு, உன் படிப்பே போயிருக்கும்.”