சாப்பிட்டுவிட்டு வந்த இருபத்திரண்டு பேர்

1.
இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. "நாலு வருசமா நான் என்ன ஆராய்ச்சி செய்றேண்டு இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியா. நீயெல்லாம் ஒரு எழுத்தாளரா, ஃபஸ்னா?" என்று தாத்தா கேட்டாள். (கற்பிட்டியில் எங்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. வெளியூர் வாசகர்கள் தாடியோடு யாரையும் கற்பனை செய்ய வேண்டாம். இவள் பெயர் ஹஃபீலா.) எனக்கு ரோசம் வந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன்.

2.
முதல் தொடக்கம்: உப்பளத்தின் மேல் சூரியன் வெள்ளியாய் உருகி...

சீ! உப்பளத்து வெயிலில் நின்றவள் இப்படி எழுதுவாளா?

இரண்டாவது தொடக்கம்: ஆர்.என்.ஏ. எனப்படுவது...

பாடப்புத்தகம். வெட்டு.

மூன்றாவதைத் தாத்தாவே சொன்னாள். "பற்றீரியா உள்ளுக்கு வந்தா, அழற்சியை மூட்டச் சொல்லிக் காவல் கலத்துக்குள்ள, அதான் இரத்தத்துல காவல் நிக்கிற செல்லுக்குள்ள, ஓடர் போகும், கட்டளை மாதிரி. அந்த ஓடர்தான் ஆர்.என்.ஏ. அதுல ஒரு சின்ன இரசாயனக் குறி விழும். குறி விழுந்த ஓடரைக் கலம் கெதியாக் கிழிச்சுப் போடும், அழற்சி அடங்கும். குறி விழாட்டி அடங்காது. கிருமி செத்தாலும் ஆள் தப்புறது கஷ்டம்."

[இந்தக் குறியை இடும் புரதத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'எழுதுபவர்'. நீக்குவது 'அழிப்பவர்'. சத்தியமாக நான் கற்பனை செய்யவில்லை.]

3.
தாத்தா இரண்டு கூட்டத்தின் இரத்தத்தைச் சோதித்தாள். காலில் புண் பழுத்து, இரத்தத்தில் கிருமி ஏறி, வைத்தியசாலையில் கிடந்தவர்களின் கலங்களில் குறி குறைவு. சுகமான உப்பளத் தொழிலாளர்களிடம் நிறைய. தாத்தா துள்ளிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "சுகமான ஆட்களிடம் எப்போது இரத்தம் எடுத்தீர்கள்?"

நோன்பு மாதத்தில், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. நோயாளிகளோ நோன்பு பிடிக்கவில்லை. பசியிருந்தாலும் குறி கூடி அழற்சி தணியலாம். அப்படியானால் அந்த வித்தியாசம் நோயினாலா, நோன்பினாலா?

மூன்று கிழமைக்குள், அதாவது இருபத்தொரு நாளில், புது இரத்தத்தில் காட்டாவிட்டால் பட்டம் இல்லை என்றார் பேராசிரியர். "நானும் நோன்போடதானே ஊசி குத்தினேன், ஏன் விளங்கல்ல!" என்று தாத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

(இங்கே பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு படித்தவள் இப்படிப் பிழை விடுவாளா? விடுவாள். ஊரே நோன்பிருக்கும்போது நோன்பு கண்ணில் படாது.)

4.
பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் உப்பளத்துக்குப் போனோம். கங்காணி லாபிர் நானா (நானா என்றால் அண்ணன்) பெட்டியையும் ஊசியையும் பார்த்துச் சிரித்தார்.

"புள்ள, இங்க பாதிப் பேர் ஆறு நோன்புல இரிக்காங்களே."

யா அல்லாஹ்! பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பை மறந்தே போனாள். இரண்டாவது தடவையும்! தாத்தா வரம்பிலேயே குந்திவிட்டாள்.

லாபிர் நானா கதையை முழுதாகக் கேட்டார். "அப்ப வயிறு நிறஞ்ச ரத்தம்தானே வேணும்?"

"ஓம் நானா. ஒரு கிழமையாவது நோன்பில்லாம இரிக்கணும்."

"இவ்வளவுதானா? ஆறு நோன்ப இந்த மாசத்துல எப்பவும் புடிக்கலாம். எட்டு நாள் கழிச்சு செவ்வாய்க்கிழமை வா. நான் பாத்துக்குறேன்."

செவ்வாய் காலை இருபத்திரண்டு பேர் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஏப்பம் விட்டு, "இதையும் எழுதிக்கோ புள்ள," என்றார். எழுதிவிட்டேன்.

5.
நான் எழுதிய முடிவு: புதிய இரத்தத்தில் வித்தியாசம் இல்லை. அவள் மௌனமாகக் கடலைப் பார்த்தபடி...

தாத்தா தாளைப் பறித்துக் கிழித்தாள். "வெற்றியெண்டா வெற்றியெண்டு எழுத உனக்கென்ன வெக்கம்?"

வெட்கம்தான். தோற்றவர்களை எழுதினால்தான் எங்களை எழுத்தாளர் என்கிறார்கள். போகட்டும், நடந்ததையே எழுதுகிறேன். சாப்பிட்ட வயிற்று இரத்தத்திலும் குறி நிறைய இருந்தது! வித்தியாசம் அப்படியே நின்றது! முடிவு வந்த அன்றே பஸ் ஏறி வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தா உப்பள வரம்பில் ஓடினாள்.

"லாபிர் நானா, பாஸ்!"

"ஆரு, நீயா?"

"நாம எல்லாரும்!"

இருபத்திரண்டு பேரும் கத்திய சத்தத்தில் என் காது அடைத்தது. நானும் கத்தினேன்.

6.
கடைசி வரி: இனி அந்தக் குறியை மருந்தால் இட்டு, காய்ச்சலில் கிடப்பவரை...

தெரியாததை எழுத மாட்டேன். அடுத்த ஆய்வுக்கு இருநூறு பேர் வேண்டுமாம். வாசகரே, இந்தக் கதைக்கு முடிவு வேண்டுமென்றால் கையை நீட்டுங்கள்.