அட்டையில் சிவப்புக் கறை

1

இந்தக் கதை ஓர் அட்டைத் துண்டிலிருந்து பிறந்தது. விதி, தலையெழுத்து என்று யாரும் ஆறுதல் சொல்ல வரவேண்டாம். எனக்குக் கோபம் டாக்டர் மேல்.

(டாக்டர் என்பவன் மெக்கானிக். திருப்புளி நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பான். அதனால் வந்த பெயர்.)

2

முதல் தொடக்கம்: "அன்று மழை பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அவர் நல்ல மனிதர், ஆனால்..." முடிக்க வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வண்டி பல்வலிக்காரனைப் போல முனகியது. இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒருத்தி இருந்தாள். முனகும்போதெல்லாம் அவளுடைய கணவர் வண்டியை டாக்டரிடம் கொண்டுபோவார். அவன் ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்து, குறைந்ததை ஊற்றி நிரப்புவான். சத்தம் அடங்கும். பத்து நாளில் திரும்ப வரும். இப்படியே மூன்று மாதம்.

"குறையுதுன்னா எங்கயோ போகுதுல்ல? எங்க போகுது?" என்று அவள் கேட்டாள்.

"வண்டின்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் அண்ணி."

[குடிக்காது. அந்த ஆயில் எரிந்து தீர்வதில்லை, குழாய்களுக்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. நான் இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அதுதான் சோறு போடும் தொழில்.]

அவள் ஒரு சாயங்காலம் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்தாள். காலையில் அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. கணவரோடு பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஏசித் தண்ணிம்மா அது," என்றார் கணவர்.

"ஏசித் தண்ணி செவப்பாவா இருக்கும்?"

"அண்ணே, அண்ணிய போலீஸ்ல சேத்து விடுங்க," என்றான் டாக்டர். "கைரேகை எல்லாம் எடுப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதினேன். இனி 'அவள்' வேண்டாம். சிரித்தது நான்.

4

பாலத்து வளைவில் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. ஆயில் வற்றியிருந்தது. அவர்

(இந்த வாக்கியம் இவ்வளவுதான்.)

கதவு மாற்றினார்கள், முகப்பு மாற்றினார்கள், வண்டி பிழைத்துக்கொண்டது.

5

முடிவு ஒன்று: டாக்டர் என் காலில் விழுந்து அழுகிறான். பொய். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நான் அவன் மண்டையில் ஸ்பேனரைப் போடுகிறேன். ஆசை. அதையும் கிழித்தேன்.

நடந்தது: நேற்று வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

"பழைய குழாய்ல சின்ன வெடிப்பு அண்ணி. மாத்திட்டேன். ஸ்டியரிங்கத் திருப்பிப் பாருங்க, சத்தமே இல்ல."

"மாத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்ன, ஒரு அரைமணி..."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சாவியை என் கையில் தராமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனான்.

6

அவன் போனதும் புதிதாக ஓர் அட்டையை விரித்தேன். இப்போது விடிந்துவிட்டது. நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுத்துப் பார்க்கவில்லை.

கறை இருந்தால், அவன் இன்னும் கேட்கப் பழகவில்லை. கறை இல்லையென்றால், என் வீட்டுக்காரர் உயிர் பிழைக்க அரைமணி நேர வேலைதான் குறைவாக இருந்திருக்கிறது.

இந்த இரண்டில் எதையும் நான் முடிவாக எழுதமாட்டேன். நீங்கள் குனிந்து பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.