கூப்பிடாமல் விட்ட கப்பல்

"டேய், இவளுக்கு மூக்கு இருந்துச்சா?" என்று கத்தினான் சுகெங்.

திரையில் மீன் விற்கும் பெண் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கு இருந்தது. மூக்கின் மேல் வெயில் பட்டு வந்த சின்னச் சின்னப் புள்ளிகள்கூட இருந்தன.

"அப்போ மூஞ்சியே நாலு கட்டம்தானே. மூக்கையெல்லாம் நாமளா வெச்சுக்கிட்டோம்," என்றார் டாமர், நான் 'மஸ்' என்று கூப்பிடும் என் கணவர். கையில் ஜாய்ஸ்டிக். வேலைக்குப் போகும்போதுகூட அவர் இவ்வளவு நேராக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இந்தோனேசியாவின் மாலாங்கில் எங்கள் வீட்டுக் கூடம், ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் மூன்று பேரும் சிறு வயதில் பைத்தியமாகக் கிடந்த 'விளக்குத் தீவு' என்ற வீடியோ கேமை இருபத்தைந்து வருடம் கழித்துப் புதிதாகச் செய்து வெளியிட்டிருந்தார்கள். புதுப் படம், புது இசை, பேசும் குரல்கள். அதற்காகவே சுராபாயாவிலிருந்து முதல் ரயிலில் ஏறி வந்திருந்தான் சுகெங். தண்ணீர் மினுங்குவதைப் பார்த்து ஒரு தடவை, புல் காற்றில் சாய்வதைப் பார்த்து ஒரு தடவை என்று இரண்டு பேரும் மாறி மாறி வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

நான் காபி தம்ளர்களை வைத்துவிட்டு வாசற்படி ஓரமாகவே நின்றேன். இந்தப் புது விளையாட்டில் எல்லா வசனத்துக்கும் கீழே எங்கள் மொழியில் எழுத்து ஓடும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே விளம்பரம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா சந்தைக்குப் பக்கத்தில், வீட்டின் முன்னறையில், மணிக்கணக்கில் விளையாட விடும் கடை வைத்திருந்தார். ஆறு டிவி, ஆறு கேம் பெட்டி. பையன்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்துகொள்வார்கள். அப்பா எங்கிருந்தோ 'விளக்குத் தீவு' திருட்டு வட்டு ஒன்றை வாங்கி வந்தார். அத்தனையும் ஜப்பானிய எழுத்து. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. காராவாங்கில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் சித்தப்பா அந்த வருடம் எனக்கு ஒரு ஜப்பானியக் காலண்டர் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு, "எனக்கு ஜப்பான் பாஷை தெரியும்," என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அதன் பிறகு யார் அந்த வட்டைப் போட்டாலும் நான் பின்னால் நின்று 'படிப்பேன்'. ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல். கூட்டம் கூடியது. அப்பாவுக்கும் சந்தோஷம். விடுரி என்ற என் பெயர் போய், பையன்கள் எனக்கு 'புரொபசர்' என்று பெயர் வைத்தார்கள். சுகெங் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

இன்று காலை அவன் வருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். எழுத்து ஜப்பானிய மொழியிலேயே ஓடும்படி மாற்றி வைத்தேன். சுகெங் உட்கார்ந்து இரண்டு பொத்தானை அழுத்தினான், எங்கள் மொழி வந்துவிட்டது. "கம்பெனிக்காரன் புத்தியைப் பாரு, எவன் வீட்டுல ஜப்பான் பாஷை பேசறான்?" என்றான். நான் சிரித்து வைத்தேன்.

வழியெல்லாம் மனப்பாடம் என்பதால் டாமர் மளமளவென்று கடந்து போனார், ஒன்றொன்றாக வெளியே வந்தது.

முதலில் ஊர்ச் சந்தையில் நிற்கும் குண்டு மனிதர். நான் சொன்ன கதையில் அவர் எந்நேரமும் பாக்சோ என்ற மாட்டிறைச்சி உருண்டை சூப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பேச்செல்லாமே சாப்பாடுதான். இப்போது அவர் கண்கலங்கிப் பேச, கீழே எழுத்து ஓடியது. 'என் தம்பியைக் கொன்றது நான்தான். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.'

சுகெங் கையிலிருந்த வாழைப்பழ பஜ்ஜி அப்படியே நின்றது. "கொலைகாரனா? இந்த ஆளா? புரொபசர், இவர் பாக்சோ கேக்கறார்னுதானே சொன்ன?"

"பழைய ஆட்டத்துல அப்படித்தான் இருந்துச்சு," என்றேன்.

"நான் இவருக்குப் பாக்சோ வாங்கிக் கொடுக்கறதுக்காக ஒரு வாரம் முழுக்கத் தீவைச் சுத்தினேன்டி!"

அடுத்து மணிக்கூண்டுக் கல்யாணம். அது கல்யாணமே இல்லை, சாவு ஊர்வலம். எல்லோரும் வெள்ளை உடையில் நடந்ததால் நான் கல்யாணம் என்று சொல்லி, பையன்களையெல்லாம் எழுந்து கைதட்ட வைத்திருந்தேன்.

டாமர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் பாதி சிரிப்புதான். "விடுரி. நிஜமாச் சொல்லு. உனக்கு ஒரு எழுத்தாவது தெரிஞ்சிருந்துச்சா?"

"இல்ல, மஸ்."

சுகெங் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். "அடிப்பாவி! சாவு வீட்டுல கைதட்ட வெச்சிருக்காளே!" டாமரும் சிரித்தார். அந்த நொடியே மீதியையும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவர் திரும்பி அடுத்த கட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

மீதி இதுதான். டாமருக்கு ஒன்பது வயது நடந்தபோது அவருடைய அம்மா வீட்டுவேலைக்கு ஹாங்காங் போய்விட்டார். அங்கே ஞாயிறுதான் விடுமுறை. ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் கடையின் தொலைபேசிக்கு அவர் அழைப்பார், டாமர் வந்து காத்திருப்பான். அம்மாவின் குரல் கேட்டதும் அழுகை தொடங்கிவிடும். "வாங்க இபு, வாங்க" என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு விம்முவான். கடை முழுக்க அமைதியாகிவிடும். ரிசீவரை வைத்த மறு நிமிடம் சுகெங்தான் ஆரம்பிப்பான். "மழை வந்துடுச்சு, பக்கெட்டை எடுங்கடா!"

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. 'விளக்குத் தீவு' நாயகன் ரெய்ஜியின் அம்மாவும் கப்பலேறிப் போனவள்தான். கதை முடிவதற்குச் சற்று முன்னால் பறவை ஒன்று அவளுடைய கடிதத்தைக் கொண்டுவரும். டாமர் அந்த இடத்துக்கு வந்தபோது அவன் தோளுக்குப் பின்னால் நின்று நான் 'படித்தேன்'.

'மகனே, என் குரல் கேட்டு நீ அழுதால் என் கப்பல் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். வா என்று கூப்பிடாதே. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.'

அடுத்த ஞாயிறு டாமர் ரிசீவரை எடுத்தான். "நல்லா இருக்கேன் இபு. கணக்குல எண்பது. வெச்சிடட்டுமா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அழுது யாருமே பார்த்ததில்லை. கேலி நின்றது. எனக்கு அன்று எவ்வளவு பெருமை! எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, "அந்தக் கடிதம்தான் என்னை வளர்த்துச்சு, விடுரி," என்று டாமர் சொன்னார். அது நானே கட்டிய பொய் என்று அப்போதும் சொல்லவில்லை. பதினோரு வருடமாகச் சொல்லவில்லை.

இப்போது திரையில் பறவை இறங்கியது.

டாமர் பாயில் முன்னால் நகர்ந்தார். "வால்யூம் வை," என்றார். சுகெங் கூட்டினான். சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த என் மாமியார் இபு சுலாஸ் இன்னொரு தட்டோடு வாசலில் வந்து நின்றார்.

ஒரு பெண்ணின் குரல், களைத்த குரல். கீழே எழுத்து ஓடியது.

'ரெய்ஜி, கடலெல்லாம் மூடுபனி. எங்களுக்குக் கரை தெரியவில்லை. விளக்கு மட்டும் போதாது. அழுகை வந்தால் அடக்காதே, சத்தம் போட்டு அழு. என்னைக் கூப்பிடு. உன் குரல் கேட்டால்தான் கப்பலைத் திருப்ப முடியும்.'

சுகெங் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தான்.

காட்சி மாறியது. ரெய்ஜி கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றான். பனிக்குள் கறுப்பாகக் கப்பல் நகர்ந்தது. இந்த இடம் எங்களுக்கு மனப்பாடம். இங்கே ரெய்ஜி சும்மா நிற்பான், கப்பல் கடந்து போகும், திரை இருண்டு பெயர்கள் ஓடும். அதுதான் முடிவு. எங்கள் கடையில் அத்தனை பையன்களும் அந்த முடிவைத்தான் பார்த்தார்கள். சோகமான கதை என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

இன்று திரையின் ஓரத்தில் ஒரு வட்டமும், அதன் பக்கத்தில் ஒரு சொல்லும் மின்னின. 'கூப்பிடு.'

"இது முன்னாடியும் இருந்துச்சு," என்றான் சுகெங் மெதுவாக. "அந்த வட்டம். ஏதோ அலங்காரம்னு நெனச்சேன்."

டாமர் பொத்தானை அழுத்தினார். ரெய்ஜி வாயைத் திறந்து கத்தினான். மறுபடி அழுத்தினார். மறுபடி. பனிக்குள் கப்பல் தயங்கியது. பிறகு அதன் மூக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

ஜாய்ஸ்டிக் அவர் மடியில் விழுந்தது.

"திரும்புது," என்றார். "கப்பல் திரும்புதுடா. எப்பவும் திரும்பியிருக்கும். நாமதான்…" சட்டென்று என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "அந்தக் கடிதம்?"

"நான் சொன்னதுதான், மஸ். அவங்க உங்களைக் கேலி பண்ணாங்க. அழுகை நின்னா கேலியும் நின்னுடும்னு…"

"எந்தக் கடிதம்?" என்று கேட்டார் இபு.

டாமர் சொன்னார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல், நான் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. கால் நூற்றாண்டாக அதை அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

இபு தட்டை டிவி மேஜையின் மேல் வைத்தார். இரண்டு பஜ்ஜி தரையில் விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை.

"அப்போ அதனாலயா?" என்றார். "அந்த வருஷம் ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடிஞ்சுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஏஜென்ட் பேப்பரை நீட்டினாங்க. ஞாயித்துக்கிழமை உன்கிட்டப் பேசிட்டு வந்து சொல்றேன்னேன். போன் பூத்துல வரிசையில நின்னு, வெளியில எல்லாரும் கத்திக்கிட்டு இருக்காங்க, நான் காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டேன். நீ கணக்குல எண்பதுன்ன. வெச்சிடட்டுமான்னு கேட்ட." அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையனுக்குப் பழகிடுச்சு, இனிமே நான் வேண்டாம்னு நினைச்சேன். போய்க் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தடவையும் அதே மாதிரிதான். அதுக்கடுத்த தடவையும்."

பொய் வெளியே வந்தால் என் மானம் போகும், டாமர் கோபிப்பார், ஒரு வாரம் பேசமாட்டார் என்று மட்டுமே நான் பயந்திருந்தேன். மொத்தம் எட்டு வருடம் இபு வெளிநாட்டில் இருந்தார். அதில் ஆறு வருடத்துக்குள் என் குரல் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"நான் கிளம்பறேன்," என்றான் சுகெங். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இபு," என்றார் டாமர். "நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். வீட்டுக்கூரை, பள்ளிக்கூடம், கடன், எதையாவது சொல்லுங்கள்.

"வந்திருப்பேன்டா," என்றார் இபு.

டாமர் அழுதார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. முப்பத்தைந்து வயது மனிதரின் தொண்டையிலிருந்து பழக்கமில்லாத, கரகரப்பான ஒரு சத்தம். இபு பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினார். கையை நீட்டினார், எங்கே வைப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டார். "விடுரி, இவன் அழுதா என்ன பண்ணணும்?" என்று என்னைக் கேட்டார். "எனக்குத் தெரியாதே."

எனக்கும் தெரியாது. பதினோரு வருடத்தில் நானும் பார்த்ததில்லை.

இபு மெல்ல முட்டியைப் பிடித்துக்கொண்டு பாயில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். "மஸ், நான்…"

அவர் தலையைத் தூக்காமலே கையை உயர்த்தினார். "இன்னிக்கு வேண்டாம். உன் குரலை இன்னிக்கு என்னால கேக்க முடியாது. நாளைக்குப் பேசலாம்."

சமையலறையில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். கருகிப்போன துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாசலில் சுகெங்கின் மோட்டார்சைக்கிள் டாக்ஸி வந்து நிற்கும் சத்தமும் அவன் யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தமும் கேட்டன.

கூடத்தில் நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் ஓசைதான். பிறகு டாமரின் குரல், கட்டிப்போன குரல்.

"அங்க எங்க படுத்துப்பீங்க?"

எங்கள் வீட்டில் யாரும் இபுவிடம் கேட்டிராத கேள்வி. அவர் திரும்பி வந்து பதினெட்டு வருடமாகிறது.

"சமையல்கட்டுல. ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவுல," என்றார் இபு. "ராத்திரியெல்லாம் உறுமிக்கிட்டே இருக்கும் அது. முதல் மாசம் தூக்கமே வரல."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தச் சத்தம் இல்லேன்னா தூக்கம் வரல. நீ சிரிக்காதே."

"சிரிக்கல. சொல்லுங்க."

இபு சொன்னார். அந்த வீட்டுக் கிழவி சோற்றை அளந்து போட்டதை, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அட்டையை விரித்து ஊர்க்காரப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதை, பூத்துக்குப் போகும் முன் என்னென்ன பேச வேண்டும் என்று கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனதை. என்ன எழுதுவீங்க என்று டாமர் கேட்டார். இபு சொல்ல ஆரம்பித்தார். நான் தரையிலிருந்து அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.