ஓடுதளத்தில் ஒரு நாய்

"டவர்! ரன்வேல நாய்!"

வாக்கி டாக்கியில் அமலதாஸ் கத்தியது பச்சைப் பொய். மைசூருக்கு வெளியே, விமானப் பயிற்சிப் பள்ளியின் அந்த ஓடுதளம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஒவ்வொரு விமானமும் இறங்குமுன் ஜீப்பில் ஓட்டிப் பார்த்து 'கிளியர்' சொல்வது அவன் வேலை. பதினோரு வருடத்தில் முதல் பொய்.

கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ். உள்ளே அவன் மனைவி செலின். இதயத்தின் பெரிய ரத்தக் குழாயில் கிழிசல், சென்னையில்தான் ஆபரேஷன். அவளை ஏற்றிப்போகும் விமானம் இறங்கும் வரிசையில் இரண்டாவது. முதலாவதில் ஒரு தொழிலதிபர், மகள் நிச்சயதார்த்தத்துக்கு. அவர் இறங்கினால், கார்கள் வெளியேறும்வரை அரை மணி நேரம் வேறு எதற்கும் கேட் திறக்காது. காலியாக வரும் ஆம்புலன்ஸ் விமானத்துக்கு முன்னுரிமையும் இல்லை.

நாய் என்றால் முதல் விமானம் மேலேறி வட்டமடிக்கும். உடனே கிளியர் சொன்னால் பின்னால் வருவது முந்திக்கொள்ளும். அதுதான் திட்டம்.

முதல் விமானம் உறுமிக்கொண்டு மேலேறியது.

"சக்தி, நாய் வேலி தாண்டிடுச்சு. கிளியர்!"

"ஆகாதுண்ணா." டவரிலிருந்து சக்தியின் குரல். "நாய்னு சொல்லிட்டா வேலி முழுக்கப் பாத்துதான் தொறக்கணும். இருபது நிமிஷம். போன மாசம் அந்த ரூல கேட்டு வாங்கினதே நீங்கதானே?"

ஆமாம், அவன்தான். பயிற்சி விமானம் நாயில் மோதிய மறுநாள்.

"நாயே இல்லம்மா! பொய் சொன்னேன். செலின் கேட்ல இருக்கா!"

"அவசரத்துக்கு இப்ப இல்லைங்கறீங்க. நா எத நம்பறது? நாய்மேல ஏறிட்டா யாரு பதில் சொல்றது?"

ஜீப்பை வேலியோரம் விரட்டினான். ஒன்பதாவது நிமிடம் சக்தி மறுபடி வந்தாள்.

"அண்ணா... ஆம்புலன்ஸ் ஃப்ளைட்டுக்கு எண்ணெய் பத்தல. பெங்களூருக்குத் திரும்பிடுச்சு."

"மொதல் ஃப்ளைட்டு?"

"அதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு இருக்கு. சுத்திட்டு இருக்கு."

செல்போன் அடித்தது. செலினின் தம்பி ரொனால்ட். "மாமா, ஃப்ளைட் எங்க? நீங்கதான் எறக்கறீங்களான்னு அக்கா கேக்கறா."

"ரோட்லயே பெங்களூருக்கு ஓட்டுடா!"

"மூணு மணி நேரம் தாங்காதுன்னாரே டாக்டர்!"

"ஓட்டுடா!"

சைரன் தேய்ந்து மறைந்தது. இருபதாவது நிமிடம் அமலதாஸ் 'கிளியர்' சொன்னான். தொழிலதிபர் இறங்கினார். கார்கள் போயின.

மறுபடி ரொனால்ட். "வழியில மண்டியா கூட தாண்டல மாமா, அக்கா..." அப்புறம் அழுகை மட்டும்.

வாக்கி டாக்கி கரகரத்தது. சக்திக்கு இன்னும் தெரியாது.

"அண்ணா, ரிப்போர்ட் எழுதணும். நாய் என்ன கலரு?"

காலி ஓடுதளத்தைப் பார்த்தபடி அமலதாஸ் சொன்னான்:

"கறுப்பு."