ஜொலிலாண்டின் சாவகச்சேரிக் கிளை

ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த அருளம்பலம், ‘ஜொலிலாண்டில் வேலை கிடைத்திருக்கிறது’ என்று மட்டுந்தான் அக்காவுக்கு எழுதினான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாகேஸ்வரி சண்டிலிப்பாய் முழுக்க அவனை மனேசராக்கிவிட்டாள். அவனும் மறுத்து எழுதவில்லை. உண்மையில் அவன் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவின் பென்குயின். கறுப்பும் வெள்ளையுமான உடுப்புக்குள் புகுந்து, பிள்ளைகளுக்குக் கைகாட்டி, தள்ளாடி நடந்து, வயிறு பட வழுக்கி விழுவதுதான் உத்தியோகம். இதை எந்த வார்த்தையில் ஊருக்கு எழுதுவது?

தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில், வெடிச்சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து, அவன் கலியாணம் செய்ய ஊருக்கு வந்தான். பெண் சாவகச்சேரி. பெயர் பத்மாசினி. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞரிடம் தட்டச்சு வேலை. சாதகம் பொருந்திவிட்டது; ஆளையாள் பார்த்துக் கதைப்பதுதான் மிச்சம்.

“வீட்டிலை வைச்சுப் பார்த்தா அவள் நிலத்தைப் பார்ப்பாள், நீ முகட்டைப் பார்ப்பாய்,” என்றாள் நாகேஸ்வரி. “சாவகச்சேரியிலை கார்னிவல் போட்டிருக்காம். பிள்ளையை என்னோடை விடுறதுக்குத் தாய் ஓமெண்டிட்டா. அங்கை போய்க் கதையுங்கோ.”

அக்காவோடும் பத்மாசினியோடும் போன அருளம்பலத்தின் கால் கார்னிவல் வாசலில் நின்றுவிட்டது. தகரப் பலகையில் பெரிய எழுத்தில், ‘ஜொலிலாண்ட். தலைமையகம்: ஜெர்மனி. கிளை: சாவகச்சேரி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பென்குயின் படம். வரைந்தவர் பென்குயினைக் கண்டதில்லை என்பதைக் கால்களே சொல்லின. அவை காகத்தின் கால்கள்.

“எட தம்பி, உங்கடை கொம்பனி இஞ்சையும் வந்திட்டுதே! நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை!” என்று கூவிய நாகேஸ்வரி, ரிக்கற் விற்றவனிடம் திரும்பினாள். “இவர் ஆரெண்டு தெரியுமே? ஜெர்மனி மனேசர்!”

அடுத்த நிமிடமே முதலாளி தம்பிஐயா சாரத்தை இறுக்கிக் கட்டியபடி ஓடி வந்தார். ஒரு கையில் சோடா.

“ஐயா, பேரை மட்டுந்தான் எடுத்தனான். ஆரோ ஜெர்மனியிலையிருந்து கொண்டந்த பை ஒண்டிலை உந்தப் பேரும் பாதி அழிஞ்ச படமும் இருந்தது. நல்லாயிருக்கெண்டு போட்டிட்டன். பொலிசுக்குப் போயிடாதையுங்கோ!”

பத்மாசினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருளம்பலம் சோடாவை வாங்கிக்கொண்டான். “ம்... பார்ப்பம்,” என்றான். மனேசர்மார் அப்படித்தான் சொல்வார்கள் என்று எங்கோ கேட்ட ஞாபகம்.

தம்பிஐயா எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். குதிரை ராட்டினத்தை உழவு மெசினின் எஞ்சின் சுற்றியது. அது இருமும்போதெல்லாம் குதிரைகளும் இருமின. ‘பனி உலகம்’ என்ற கிடுகுக் கொட்டிலுக்குள் மரத்தூளில் ஒரே ஒரு ஐஸ் கட்டி படுத்திருந்தது. வரிசையில் வந்தவர்கள் அதை ஒருதரம் தொட்டுவிட்டு, “அம்மாடி!” என்று கத்திக்கொண்டு மற்றப் பக்கத்தால் வெளியேறினார்கள். உருகிய தண்ணீர் ஓடி, முன்னால் நிலத்தில் விரித்திருந்த தார்ப்பாய்ப் படங்கு முழுவதையும் நனைத்திருந்தது.

“மனேசர், எப்பிடி?” என்று மெல்லக் கேட்டாள் பத்மாசினி.

“இவ்வளவு குளிர் காணாது,” என்றான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அப்போதுதான் பென்குயின் வந்தது. குடைத்துணியில் தைத்த உடம்பு. கடதாசியும் பசையும் சேர்த்துச் செய்த தலை. அது காகம் மாதிரித் தத்தியது.

“அப்புக்காத்து வாறார்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டோடு திரியும் வழக்கறிஞர்களைத் தவிர அந்த ஊரில் வேறு எதையும் அது ஒத்திருக்கவில்லை. பத்மாசினியும் தலையாட்டினாள். “நான் வேலை செய்யிற ஐயாவும் உப்பிடித்தான் நடக்கிறவர்.”

உள்ளே இருந்த யாகோப்பு என்ற மனிதனுக்கோ சித்திரை வெய்யில் தாங்கவில்லை. நடுவழியில் குந்தி, தலையைக் கழற்றி வைத்துவிட்டு, “தண்ணி... தண்ணி...” என்றான். “அப்புக்காத்தின்ரை தலை கழண்டு போச்சு!” என்று பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள். தம்பிஐயா யாகோப்பைக் கொட்டிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் ஆட்டம் பார்க்காமல் போகமாட்டோம் என்று சத்தம் போட்டது.

அருளம்பலத்தின் பாதங்கள் துடித்தன. ஒரு பென்குயின் பாதி வழியில் நிற்பதை அவனால் சகிக்க முடியவில்லை. யாரும் காணாமல் கொட்டிலின் பின்பக்கம் போனான்.

“குடுங்கோ உந்த உடுப்பை.”

“மனேசர் ஐயா, நீங்களோ?” தம்பிஐயா வாயைப் பிளந்தார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ.”

வெளியே வந்த பென்குயின் வேறொரு பிறவியாக இருந்தது. இடமும் வலமுமாகத் தள்ளாடியது. தலையைச் சரித்துக் குழந்தைகளைப் பார்த்தது. சிறகால் வயிற்றைத் தட்டியது. பிறகு ஓடிவந்து, நனைந்த படங்கில் குப்புற விழுந்து, சர்ரென்று வழுக்கியது. கூட்டம் குதித்தது. ஜெர்மனியில் வழுக்குவதற்கு எல்லை இருந்தது, இங்கே இல்லை. பென்குயின் படங்கைத் தாண்டிப் போய், தம்பியைத் தேடிக்கொண்டு நின்ற நாகேஸ்வரியின் காலடியில் முட்டியது.

“மூதேசி! பொம்பிளையளின்ரை காலுக்கையோ விழுறாய்?” குடையால் நாலு சாத்துச் சாத்தினாள். உடுப்புக்குள் இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்பது ஜொலிலாண்டின் சட்டம். பென்குயின் அடியை வாங்கிக்கொண்டு பணிவாகத் தலை குனிந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

பத்மாசினி குனிந்து பார்த்தாள். யாகோப்பு வெறுங்காலோடு வந்தவன். இந்தப் பென்குயினுக்கோ புதுச் சப்பாத்து. அவள் அலகுக்குக் கிட்ட வாயை வைத்தாள்.

“நீங்கள் மனேசரோ?”

பென்குயின் மெதுவாக, இல்லையென்று தலையாட்டியது.

“அப்ப அங்கையும் உதுதான் வேலையோ?”

ஓமென்று தலையாட்டியது.

அவள் அடக்கியிருந்த சிரிப்பு வெடித்தது. பிறகு, “மனேசரெண்டு சொல்லிச்சினம். சிரிக்கத் தெரியாத சள்ளை பிடிச்ச ஆளா இருக்குமெண்டு பயந்துபோய் வந்தனான்,” என்றாள். “அந்த வழுக்கிறதை இன்னொருக்காச் செய்யுங்கோ பாப்பம்.”

அவன் செய்தான். அதற்குப் பிறகும் செய்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னான். நாகேஸ்வரி கோண்டாவில் வரை குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “முதுகு நோகுதோடா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்.”

“நல்லா நோகட்டும்.”

வைகாசியில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று பந்தியில் யாரோ கேட்டார்கள். சோறு போட்டுக்கொண்டிருந்த நாகேஸ்வரி நிமிர்ந்தாள்.

“மனேசர்மார் எத்தினையோ பேர் இருக்கினம் அங்கை. அவையளை ஆர் பாக்கிறது? சனம் காசு குடுத்துப் பாக்க வாறது என்ரை தம்பியை!”