கொண்டைக்குள் ராணி

சூர்யகலாவின் முடியைப் பற்றி நான் சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர் அந்த முடியை நேரில் பார்த்தவர்கள். இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்ந்த சுருட்டை. ஒருமுறை காணாமல் போன என் மூக்குக் கண்ணாடி அவள் சடைக்குள்ளிருந்து கிடைத்தது. கூடவே இன்னொருவருடைய கண்ணாடியும் இருந்தது.

அவள் என் தம்பி மகள் செல்லத்தாயின் மகள். வீடு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில். கல்யாணம் கீழே போடியில். தலை அலங்காரத்துக்கு முதல்நாளே பவதாரணி என்ற பார்லர்க்காரப் பெண் மேலே வந்துவிட்டாள்.

"பாதிய மட்டும் பின்னிட்டு மீதிய அலையா விடலாம்க்கா. இல்ல, நாலு சடையாப் போட்டுச் சுத்தலாம். என்னையக் கேட்டா, ஓரத்துல பூவச் செருகிட்டு அப்படியே விட்றலாம். சுருட்டைக்கு அதுதான் அழகு" என்று போனில் படம் காட்டினாள்.

சூர்யகலா கடைசிப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவுத்துப்போட்ட தலையோட இவ மணவறையில ஒக்காந்தா நா கல்யாணத்துக்கே வரமாட்டேன். கொண்டை போடு" என்றாள் செல்லத்தாய்.

ஆவணி மழையில் முடி காயவில்லை. தோட்டத்தில் எது ஈரமானாலும், கம்பளியோ தலையணையோ, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் போடுவோம். பெண்ணையும் அங்கேயே உட்கார வைத்தோம். முடி காய்ந்தது. ஏலக்காய் வாசனை முழுக்க அதில் ஏறிக்கொண்டது. மேலே மல்லிகைச் சரம் சுற்றி, பலாப்பழம் அளவுக்குக் கொண்டை போட்டாள் பவதாரணி.

காலையில் பவதாரணியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, மெட்டில் டீக்கு ஜீப்பை நிறுத்தினோம். அப்போது தேனீக்கூட்டம் ஒன்று வந்தது. தோட்டத்தில் எத்தனையோ பூ இருக்க, கொண்டையைப் பார்த்து வந்து பாதி உள்ளே போனது. மிச்சம் மேலே அப்பிக்கொண்டது.

"யாரும் அசையாதீக" என்றான் டிரைவர் சின்ராசு. தோட்டத்துத் தேன்பெட்டிகளைப் பார்ப்பவனும் அவன்தான். "ராணி உள்ள போயிருச்சு. அது வந்தாத்தான் மத்தது வரும். கலைச்சா மொத்தமும் கொட்டிரும்."

"முகூர்த்தம் போயிருமே! நீ மெதுவா ஓட்டு அப்பு" என்றாள் செல்லத்தாய்.

ஓட்டினான். போடி மலைப்பாதையில் ஹாரன் அடிக்காமல் வளைவில் இறங்குகிறவன் வீடு போய்ச் சேரமாட்டான். சத்தத்துக்குத் தேனீ கலையுமென்று சின்ராசு அடிக்கவில்லை. ஹாரனுக்குப் பதிலாக நான் வெளியே சாய்ந்து துண்டை வீசிக்கொண்டே வந்தேன். எதிரே வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறந்து வரும் நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

சூர்யகலா மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தேனீ அவள் புருவத்தில் நடந்து இமையில் நின்றது. அவள் கண்ணை மூடவில்லை.

அடுத்த வளைவில் ஒரு ஜீப்பு முகத்துக்கு நேரே வந்து ஹாரனை அலறவிட்டது. சின்ராசு பாறையோரமாக ஒடித்து நிறுத்தினான். கொண்டை முழுவதும் ஒரே இரைச்சலாகக் கிளம்பியது. அவள் கழுத்தில் ஒன்று கொட்டியது. கண்ணீர் வழிந்தது, தலை அசையவில்லை.

"இன்னொரு ஹாரனுக்குத் தாங்காது" என்றான் சின்ராசு.

பவதாரணி சீப்பைக் கீழே வைத்தாள். "கொண்டைய அவுக்கணும். சுருள் சுருளா, மெதுவா."

"அவுத்தா மறுபடி போட நேரம் ஏது? தலைவிரிச்சுக்கிட்டா போய் நிப்பா?"

"அம்மா" என்றாள் சூர்யகலா, உதடு அசையாமல். "கட்டப்போற தாலி எனக்கா, கொண்டைக்கா? அவுக்கச் சொல்லும்மா."

செல்லத்தாய் மகளின் கழுத்தைப் பார்த்தாள். தடித்துச் சிவந்திருந்தது. மடியில் வைத்திருந்த காலிச் சீர்க்குடத்தைச் சின்ராசுவிடம் நீட்டினாள்.

பவதாரணி ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். ஒவ்வொரு சுருளையும் விரலில் வாங்கித் தோளில் இறக்கினாள். அவள் கைமேல் தேனீக்கள் வளையல்போலச் சுற்றி நின்றன. கடைசிச் சுருளுக்கு அடியில், மல்லிகைச் சரத்தைப் பிடித்தபடி நீள உடம்போடு ராணி இருந்தது. சின்ராசு சரத்தோடு அதைத் தூக்கிக் குடத்துக்குள் இறக்கினான். மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. ஒன்றுக்கொன்று நின்று வழிவிட்டுப் போனதாக எனக்கு ஞாபகம். என் துண்டால் குடத்தின் வாயைக் கட்டினோம்.

"வெரசாப் போ அப்பு" என்றாள் செல்லத்தாய். மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் சின்ராசு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

விரித்த முடியும் காதோரம் ரெண்டு பூவுமாகச் சூர்யகலா மணவறை ஏறினாள். மாப்பிள்ளை ஈஸ்வர் அட்சதையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "யாரு செஞ்ச அலங்காரம்?" என்று சம்பந்தியம்மா கேட்டாள்.

"நாந்தான் அவுத்துவிடச் சொன்னேன்" என்றாள் செல்லத்தாய்.

சம்பந்தியம்மா சந்தோஷமாகச் சீர்க்குடத்தை வாங்கிக் காதோரம் வைத்துப் பார்த்தாள்.

"உள்ள என்ன, இரையுது?"

"பொண்ணோட கூட வந்தவுக" என்றேன். "சாயங்காலமாத் தொறங்க."